இருளைத் தேடிய வைணு பாப்பு

சயான் கோட்டைக் குன்றின் உச்சியில் மாலை மயங்கும் நேரத்தில் நின்று கீழே நோக்கினால், ஒளிவெள்ளம் ஒன்று கண்முன் விரியும். விரைவு நெடுஞ்சாலையின் ஊர்திகள், இரயில் பாதையின் கைகாட்டி விளக்குகள், தாராவியின் நெருங்கிய வீடுகள், தொலைவில் செம்பூரின் அடுக்குமாடிகள் என எங்கும் விளக்குகள். தலையை உயர்த்தினாலோ வானத்தில் நாலைந்து விண்மீன்கள்கூடத் தெளிவாகத் தென்படா. மின்விளக்குகளின் ஒளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தையே சாம்பல் பூசியதுபோல் ஆக்கிவிடுகிறது.

இந்நகரத்துப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி வாழும் ஊர்களில், கோடை விடுமுறையில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தால் வானம் வேறாகத் தெரியும். அவ்வாறான இருண்ட வானத்தைத் தேடித் தென்னாட்டு மலைகளை ஆராய்ந்து, ஜவ்வாது மலைக் காட்டுக்குள் ஒரு வானாய்வகத்தை உருவாக்கியவர் வைணு பாப்பு. விண்மீன்களின் ஒளியைப் பிரித்து, அதில் மிக மெல்லியதாகத் தோன்றும் ஒரு கோட்டின் அகலத்தை அளந்து, அவ்விண்மீன் எத்துணை ஒளி மிக்கது என்று கூற இயலும் எனக் காட்டிய இருவருள் ஒருவர் அவர்.

அவர் செய்த பணியை உணர, முதலில் ஒளியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். சமையலறையில் உப்பிட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழியும்போது, நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாக மாறுவதைப் பலரும் கண்டிருப்பர். உப்பிலுள்ள சோடியம் அணுக்கள் வெப்பத்தால் கிளர்ச்சியுற்று, தமக்கே உரிய மஞ்சள் ஒளியை உமிழ்வதே அதற்குக் காரணம். சாலைகளில் நெடுங்காலம் எரிந்த மஞ்சள் விளக்குகளிலும் இருந்தது இதே சோடியந்தான். அவ்வொளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால், வானவில்போல் ஏழு நிறங்களும் தோன்றா. ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளத்தில் நெருங்கி நிற்கும் இரு மஞ்சள் கோடுகளே மேலோங்கித் தோன்றும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இவ்வாறு தனித்த கோடுகள் உண்டு. மனிதருக்குக் கைரேகை போல அணுக்களுக்கு நிறமாலைக் கோடுகள் எனலாம். ஒளிரும் கோட்டை உமிழ்கோடு என்றும், ஒளியை அணுக்கள் விழுங்குவதால் தோன்றும் கருங்கோட்டை உட்கவர் கோடு என்றும் அறிவியலார் வழங்குவர்.

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். மணலி கல்லாட் வைணு பாப்பு என்பது அவர்தம் முழுப்பெயர். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. குடும்பம் மலையாள மண்ணைச் சேர்ந்தது. தந்தைக்கோ ஐதராபாத்திலிருந்த நிஜாமியா வானாய்வகத்தில் பணி. ஆகவே பிறந்தது ஓரிடம், வேர் ஓரிடம், வளர்ந்தது ஓரிடம் என்று அமைந்தது அவர் இளமை. வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்கு இது புதிதன்று.

தந்தை பணிபுரிந்த இடமே மகனுக்கு விளையாட்டுக் களமாயிற்று. நிஜாம் கல்லூரியில் பயிலும்போதே அவர் மாறொளிர் விண்மீன்களை, அதாவது ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்களை, முறையாகக் கவனித்துக் கட்டுரைகள் எழுதலானார். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னர், இந்தியா வந்திருந்த அமெரிக்க வானியல் அறிஞர் ஹார்லோ ஷேப்லியைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஐதராபாத் அரசின் உதவித்தொகையுடன் 1949ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அங்குச் சென்ற சில மாதங்களுக்குள் எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. ஜூலை 2ஆம் நாள் எடுத்த ஒளிப்படத் தகட்டை ஆராய்ந்தபோது, விண்மீன்களுக்கிடையே புதியதொரு வால்மீன் தென்பட்டது. ஆசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கார்டன் நியூகர்க் ஆகியோரின் பெயர்களோடு பாப்புவின் பெயரும் சேர்ந்து, அது பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன் என்று பெயர் பெற்றது. கதிரவனை ஒருமுறை சுற்றிவர அதற்குச் சுமார் 60,000 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டனர். பசிபிக் வானியல் கழகம் டோன்ஹோ பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. இருபத்திரண்டு வயது நிரம்பாத இளைஞருக்கு இஃது எத்துணைப் பெருமை! எனினும், அவருடைய பெயரை வானியல் நூல்களில் நிலைக்கச் செய்தது இந்த வால்மீன் அன்று.

1952இல் முனைவர் பட்டம் பெற்ற பாப்பு, கார்னகி ஆய்வுநல்கை பெற்றுக் கலிபோர்னியா சென்றார். மவுண்ட் வில்சன், பாலமார் ஆகிய மலைகளின் வானாய்வகங்கள் அக்காலத்தில் வானியலாரின் திருத்தலங்களாக விளங்கின. உலகிலேயே மிகப் பெரிதான ஐந்து மீட்டர் தொலைநோக்கி பாலமாரில் இருந்தது. அங்கே அவர் ஓலின் வில்சன் என்னும் அறிஞருடன் இணைந்து பணியாற்றினார். இருவர் கவனமும் ஒரே கோட்டின்மேல் சென்றது.

அது கால்சியத்தின் கோடு. நம் எலும்பிலும் பல்லிலும் சுண்ணாம்பிலும் உள்ள அதே கால்சியந்தான். விண்மீனின் வெப்பத்தில் அந்த அணு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. அந்த அயனி, நிறமாலையின் ஊதா விளிம்பில், 393 நானோமீட்டர் அளவில், அகன்ற கருங்கோடு ஒன்றை உண்டாக்கும். இதனை வானியலார் கே கோடு என்பர். நம் கதிரவனைப் போன்றவையும், அதனினும் வெப்பம் குறைந்த மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு விண்மீன்களும் ஆகிய பலவற்றில் இக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று எழுந்து நிற்கும். இருண்ட கிணற்றின் அடியில் ஏற்றிவைத்த அகல்விளக்கை எண்ணிக்கொண்டால் ஒருவாறு விளங்கும். விண்மீனின் மேற்பரப்புக்குச் சற்று மேலேயுள்ள வெப்பமிகு வளிமண்டல அடுக்கிலிருந்து வருவது அவ்வொளி.

அக்கோட்டை அளப்பது எளிய செயல் அன்று. தொலைநோக்கி திரட்டும் ஒளி, குறுகிய பிளவு ஒன்றின் வழியே நிறமாலை வரைவிக்குள் புகுந்து, நிறங்களாகப் பிரிந்து, கண்ணாடித் தகட்டில் பதிய வேண்டும். மங்கலான விண்மீனாயின் பல மணிநேரம் ஆகும். அவ்வளவு நேரமும் விண்மீன் பிளவை விட்டு நழுவாதபடி இருட்டில் அமர்ந்து காத்திருத்தல் வேண்டும். தகட்டின் ஓரத்தில் இரும்பு மின்வில்லின் ஒளியையும் பதித்துக்கொள்வர். இரும்பின் உமிழ்கோடுகளுடைய அலைநீளங்கள் ஆய்வுக்கூடத்தில் துல்லியமாக அளக்கப்பட்டவை. அவையே விண்மீனின் கோடுகளை அளக்க உதவும் அளவுகோல். பின்னர்ப் பகலில் தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒளிக்கோட்டின் இடவிளிம்பிலிருந்து வலவிளிம்பு வரை அளந்து குறிப்பர்.

இவ்வாறு 185 விண்மீன்களை ஆராய்ந்தபோது வியப்பான ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஒளித்திறன் குறைந்த குறுமீன்களில் அந்த ஒளிக்கோடு குறுகியிருந்தது, பெருமீன்களில் அகன்றிருந்தது, மீப்பெரு விண்மீன்களில் மேலும் அகன்றிருந்தது. கோடு பளிச்சென்று இருந்தாலும் மங்கியிருந்தாலும் அகலம் மட்டும் விண்மீனின் உண்மையான ஒளித்திறனை ஒட்டியே அமைந்தது. மிக மங்கிய விண்மீனுக்கும் மிக ஒளிமிக்க விண்மீனுக்கும் இடையே ஒளித்திறன் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு வேறுபட்டபோதும் இவ்வொழுங்கு குலையவில்லை. அகலம் இருமடங்கானால் ஒளித்திறன் சுமார் அறுபது மடங்கு உயர்கிறது என்பது அவர்கள் கண்ட தொடர்பின் பொருள்.

இதனால் என்ன பயன் என்ற வினா எழலாம். இருட்டில் தொலைவில் ஒரு விளக்குத் தெரிகிறது. அருகிலிருக்கும் சிறு விளக்கா, நெடுந்தொலைவிலுள்ள விளையாட்டுத் திடலின் பெருவிளக்கா என்று கண்ணால் மட்டும் சொல்ல இயலாது. விளக்கின் திறன் இத்தனை வாட் என்று எவ்வாறேனும் அறிந்துவிட்டால், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். விண்மீனின்மீது எழுதப்பட்ட வாட் எண்ணைப் படிக்கும் வழியையே வில்சனும் பாப்புவும் கண்டனர். 1957இல் வெளிவந்த அவர்தம் ஆய்வுரையால் இத்தொடர்பு வில்சன்–பாப்பு விளைவு என்று உலகெங்கும் வழங்கலாயிற்று. கோடு ஏன் இவ்வாறு அகல்கிறது என்பதற்கு முழு விளக்கம் அன்று எவரிடமும் இல்லை. விளக்கம் பிறக்கட்டும் என்று காத்திராமல், அளந்ததை அளந்தபடி உலகின்முன் வைத்தனர் இருவரும். அதுவே அவ்வாய்வின் அழகு.

அந்த ஆய்வுரை அச்சேறுவதற்கு முன்பே, 1953இல், பாப்பு நாடு திரும்பிவிட்டார். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியின் அருகிலிருந்து, ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிகூட இல்லாத நாட்டுக்கு! அவர் கற்ற வித்தைக்கு வேண்டிய கருவி இங்கே இல்லை. கருவியை உண்டாக்கிய பின்னரே ஆய்வைத் தொடர முடியும் என்ற நிலை. வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளைக் கட்டடத்துக்கும் கண்ணாடிக்கும் கோப்புகளுக்கும் செலவிட வேண்டியிருக்கும் என்பதை அறிந்தே அவர் வந்தார் என்று கொள்ளலாம்.

1954இல் உத்தரப்பிரதேச அரசின் வானாய்வகத்துக்குத் தலைமை வானியலாளரானார். வாரணாசியில் தொடங்கிய அது அடுத்த ஆண்டில் நைனிதால் மலைக்கு மாற்றப்பட்டது. 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் பொறுப்பு அவரைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து வந்தது.

கொடைக்கானலுக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1792இல் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் நிறுவிய வானாய்வகத்தின் வழிவந்தது அது. சென்னை வானாய்வகத்தின் தலைவராயிருந்த நார்மன் போக்சன், 1868 ஆகஸ்டு 18இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை மசூலிப்பட்டினத்தில் நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்தவர். அதே கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் ஆராய்ந்தார். கதிரவனின் விளிம்பில் அன்று தென்பட்ட ஒரு மஞ்சள் உமிழ்கோடு, சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தும் சோடியத்துக்கு உரியதாக இல்லை. பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் கோடு அது. புவியில் கண்டறியப்படுவதற்கு முன்பே வானத்தில் கண்டறியப்பட்ட தனிமம்!

1899இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகம் கதிரவனை ஆராய்வதற்கென்றே அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே அங்குக் கதிரவனைக் கால்சியத்தின் ஒளியில் நாள்தோறும் படம் எடுத்து வந்தனர். கலிபோர்னியாவில் பாப்பு விண்மீன்களில் அளந்த அதே கே கோட்டின் ஒளி! தொலைவிலுள்ள விண்மீன் பெரிய தொலைநோக்கியிலும் பெரும்பாலும் ஒரு புள்ளியாகவே தெரியும். கதிரவனோ அருகிலுள்ள விண்மீன். அதன் முகத்தைப் பகுதி பகுதியாகப் பார்க்கலாம். அந்த ஒளிக்கோட்டின் அகலம் கதிரவனின் எப்பகுதியிலிருந்து பிறக்கிறது என்பதைப் பாப்பு தம் உடன் பணியாளர் கே. ஆர். சிவராமனோடு ஆராய்ந்தார். கதிரவனின் முகத்தில் சிறு சிறு ஒளிப்புள்ளிகளாகத் தோன்றுபவையே அதற்குக் காரணம் என்னும் முடிவுக்கு இருவரும் வந்தனர். தொலைவில் கண்ட புதிருக்கு அருகிலேயே விடை தேடும் இம்முறை எண்ணிப் பார்க்கத் தக்கது.

பகல் வேலைக்குக் கொடைக்கானல் உகந்தது. இரவு வேலைக்கோ மேகமும் மூடுபனியும் பெருந்தடையாயின. ஆதலால், தென்னிந்தியாவில் தெளிந்த வானமும் ஆழ்ந்த இருளும் உள்ள இடத்தைத் தேடும் பணி தொடங்கியது. எத்தனை இரவுகள் மேகமின்றி உள்ளன, காற்று எவ்வளவு அமைதியாக உள்ளது, அருகில் நகர விளக்குகள் உண்டா என ஒவ்வோர் இடத்தையும் ஆராய்ந்தனர். முடிவில் தேர்ந்தெடுத்தது, வாணியம்பாடிக்கும் ஆலங்காயத்துக்கும் அப்பால் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் என்னும் சிற்றூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தின் விண்மீன்களோடு தென்வானத்தின் விண்மீன்களையும் அங்கிருந்து காணலாம்.

இருளை இத்துணை அருமையாக ஏன் தேடினார்? நகரத்தின் மேலுள்ள வானத்தை நிறமாலைமானியால் நோக்கினால், விண்மீனின் கோடுகளோடு சோடிய விளக்கின் மஞ்சள் கோடுகளும் பாதரச விளக்கின் பச்சை, நீலக் கோடுகளும் கலந்து நிற்கும். விண்மீனின் கைரேகையின்மேல் தெருவிளக்கின் கைரேகையும் பதிந்துவிடும். விளக்கே இல்லாத காட்டிலும் வானம் முற்றிலும் இருண்டதன்று என்பது மற்றொரு வியப்பு. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டரில் பச்சை ஒளியை ஓயாது உமிழ்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே மெல்லிய சோடியம் அடுக்கு ஒன்று மஞ்சள் ஒளியை உமிழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வான்மினுக்கம் நெடுநேரம் பதிக்கும் நிறமாலையில் தப்பாமல் வந்துவிடும். எனவே வானியலார் விண்மீனின் நிறமாலையோடு அருகிலுள்ள வெற்று வானத்தின் நிறமாலையையும் பதிந்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழிப்பர். அலைநீளம் நன்கு அறிந்த அக்கோடுகளையே, அளவு பிழையின்றி உள்ளதா என்று சரிபார்க்கவும் பயன்படுத்துவர். காட்டில் நீக்க வேண்டியது இயற்கையின் ஒளி மட்டும்; நகரத்தில் மனிதர் ஏற்றிய ஒளியும் சேர்ந்துகொள்கிறது.

1968இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி காவலூரில் பணியைத் தொடங்கியது. அது கொடைக்கானல் பணிமனையிலேயே உருவானது. பாலமாரின் ஐந்து மீட்டர் ஆடியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதுதான். ஆயினும் அதைச் செய்தவர்கள் இந்நாட்டுக் கைவினைஞர்கள். 1972இல் ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள் வியாழனின் பெருநிலவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. அந்நிகழ்ச்சியைக் காவலூரும் இந்தோனேசியாவின் ஜாவா தீவும் பதிவு செய்தன. கனிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்னும் கருத்து அதனால் எழுந்தது; அது முதலில் எண்ணியதைவிட மிக மிக மெல்லியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1977 மார்ச்சு 10இல் யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்குச் சான்று தந்த இடங்களுள் காவலூரும் ஒன்று.

இதற்கிடையே, 1971இல், கொடைக்கானலையும் காவலூரையும் உள்ளடக்கிய இந்திய வான்இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. அதன் தலைமை பின்னர்ப் பெங்களூருக்கு மாறியது. 1979இல் உலக வானியல் ஒன்றியம் பாப்புவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

அவர் மனத்தில் நிறைந்திருந்ததோ வேறொன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றை இந்நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பதே அது. கண்ணாடி வட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. அதனை ஆடியாகத் தேய்த்து மெருகிடும் பணியை நிறுவனத்தின் பட்டறையே மேற்கொண்டது. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்குக்கு மேல் பிழை நேராமல் தேய்க்க வேண்டும். சிறிது தேய்த்து, சோதித்து, மீண்டும் சிறிது தேய்த்து என ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை அது. எஃகு உடலை வார்த்தது, புனேக்கு அப்பாலுள்ள வால்சந்த்நகர் ஆலை. மகாராட்டிரத்தின் இரும்பு உழைப்பு தமிழ்நாட்டுக் காட்டில் வானை நோக்கி எழுந்து நிற்பது, இவ்விரு மண்ணுக்கும் உரிய பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி.

தொலைநோக்கி முழுமை பெறுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1982இல் இதய அறுவை மருத்துவத்துக்குப் பின்னர், ஆகஸ்டு 19ஆம் நாள் மியூனிக் நகரில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. கிரேக்க நாட்டின் பத்ராசு நகரில் உலக வானியல் ஒன்றியத்தின் பேரவை நடந்துகொண்டிருந்தபோதே அதன் தலைவர் மறைந்தார்.

எஞ்சிய பணியை அவரிடம் பயின்றவர்களும் உடன் உழைத்தவர்களும் தொடர்ந்தனர். 1986 ஜனவரி 6ஆம் நாள் காவலூர் வானாய்வகத்துக்கும் அப்பெரிய தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார் தலைமையமைச்சர் இராஜீவ் காந்தி. ஈராண்டுகள் கழித்து, 1988இல், காவலூரிலிருந்து ஒரு குறுங்கோள் கண்டறியப்பட்டது. அதற்கு இட்ட பெயர் இராமானுஜன்.